வீட்டைப் பார்த்து வாங்குங்கள்: தெப்ராவில் கணினி, டிவி, ஒலிக்கருவி

ஜொகூரின் தெப்ராவில் கணினி வாங்கப் போகிறவர், கடைக்குக் கிளம்புமுன் தம் வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்பேன். தாமான் டேசா தெப்ராவிலும் மவுண்ட் ஆஸ்டினிலும் உலு திராம் பக்கத்துத் தாமான்களிலும் வரிசை வீடுகளில் வாழ்கிற நமக்கு இடியும் வெக்கையும் ஈரக் காற்றும் ஆண்டு முழுதும் உண்டு. விலை உயர்ந்த கருவி சீக்கிரம் படுத்துவிடுவதும், மலிவாக வாங்கிய பழைய கருவி பத்தாண்டு உழைப்பதும் பெரும்பாலும் இந்த மூன்றைப் பொறுத்தவை. பொழுதுபோக்காகப் பல ஆண்டுகள் வாங்கியும் பிரித்தும் மாட்டியும் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இது: பணத்தை முதலில் மின்சாரத்துக்கும் காற்றோட்டத்துக்கும் ஒதுக்குங்கள், மிச்சத்தில் வேகத்தையும் திரை அளவையும் வாங்குங்கள். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

மின்சாரமும் இடியும்

தெனாகா நேஷனல் நமக்குத் தருவது 50 ஹெர்ட்ஸில் 230 வோல்ட். முன்பு 240 என்று குறித்தார்கள். பேச்சில் இன்றும் 240தான். சிங்கப்பூரிலும் 230 வோல்ட், அதே மூன்று கால் பிளக். ஆகவே அக்கரையில் வாங்கிய கருவியை இங்கே அப்படியே செருகலாம். ஜப்பான் பொருளுக்கு இது பொருந்தாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தீபகற்ப மலேசியா உலகிலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. மின்னல் உங்கள் கூரையில்தான் விழ வேண்டும் என்பதில்லை. அடுத்த தெருவில் விழுந்தாலும் ஒயர்களில் ஒரு நொடிக்கும் மிகக் குறைவான நேரத்துக்கு மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக எகிறும். அது வீட்டுக்குள் வர முன்பு மூன்று வழிகள் இருந்தன: மின்கம்பி, ஆன்டெனா கேபிள், தொலைபேசிக் கம்பி. 2001-இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் செப்புக் கம்பியில் ஓடியது. ஒரு பெருமழைக்குப் பின் மோடம் செத்துக் கிடப்பது அன்றைக்கு ஜொகூர் முழுதும் சாதாரணம். 2010 மார்ச்சில் யூனிஃபை தொடங்கியபின் வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஓடாது என்பதால் மூன்றாவது வழி அடைபட்டது. ஆன்டெனாவும் ஆஸ்ட்ரோ தட்டின் கேபிளும் மின்கம்பியும் இன்னும் திறந்தே இருக்கின்றன.

சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் நல்லதுதான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து வாங்குங்கள். உள்ளே ஒரு சிறு வட்டத் தகடு இருக்கிறது. வழக்கமான மின்னழுத்தத்தில் அது மூடிய கதவு. அழுத்தம் எகிறினால் உடனே திறந்து, மிகுதியை எர்த் கம்பி வழியே மண்ணுக்கு அனுப்பும். எர்த் சரியில்லாத வீட்டில் அந்த மிகுதி போக இடமில்லை. எக்ஸ்டென்ஷனில் விளக்கு மட்டும் அழகாக எரியும். தோட்டப் பகுதிகளை ஒட்டிய பழைய வீடுகளிலும், பின்கட்டை நீட்டிக் கட்டிய வீடுகளிலும் எர்த் பாதியில் அறுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேன் ஒருவரை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் சொல்லும் எல்லாச் செலவிலும் இதுவே முதலாவது. அந்தத் தகடு ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் தேயும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாதுகாப்பு விளக்கு அணைந்துபோனால் எக்ஸ்டென்ஷனை மாற்ற வேண்டும்; தயங்க வேண்டாம்.

இவ்வளவும் செய்தாலும், இடி நெருங்கும்போது பிளக்கைப் பிடுங்குவதற்கு ஈடு எதுவும் இல்லை. சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னல் எளிதில் தாண்டும். ஆன்டெனா கேபிளையும் டிவியிலிருந்து கழற்றிவிடுங்கள். நான் ஆன்டெனா, டிவி, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) மூன்றின் பிளக்கையும் கைக்கெட்டும் உயரத்தில் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். வீட்டிலுள்ள பெரியவர்கள்கூடக் குனியாமல் பிடுங்க முடிந்தால்தான் இந்தப் பழக்கம் நிலைக்கும்.

பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸைப் பலர் திறந்து பார்ப்பதே இல்லை. கடையில் தனியாக வாங்கும் பிளக்குகளில் பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அது கெட்டிலுக்கும் அயர்ன் பெட்டிக்கும் உரியது. டிவி, ஆம்ப் போன்றவற்றின் மெல்லிய ஒயருக்கு 3 அல்லது 5 ஆம்பியர் போதும். கருவியின் கையேடு சொல்லும் அளவைப் போடுங்கள்.

யுபிஎஸ் வாங்கினால் மோடத்தையும் ரவுட்டரையும் சிறு கணினியையும் மட்டும் அதில் மாட்டுங்கள். லேசர் பிரிண்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள், அது சூடேறும் நேரத்தில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். யுபிஎஸ்ஸின் ஈய பேட்டரி வெக்கையில் சீக்கிரம் மூப்படையும். சமையலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். இரண்டு மூன்று ஆண்டில் பேட்டரி மாற்ற வேண்டிவரும் என்று கணக்குப் போட்டே வாங்குங்கள்.

எங்கே வாங்குவது

நமக்கு வாய்த்த இடம் நல்ல இடம். 2006-இல் திறந்த தெப்ரா சிட்டி, 2017 நவம்பரில் வந்த ஐக்கியா, 2019-இல் அதை ஒட்டி எழுந்த டோப்பன் என்று புதுப்பொருள் பார்க்க வீட்டருகிலேயே போதிய இடமுண்டு. டிவியை நேரில் பார்த்து வாங்க இவை போதும். உதிரிப் பாகத்துக்கும் பழுதுக்கும் ஜொகூர் பாருவின் ஹாலிடே பிளாசா நெடுங்காலப் பெயர். கிரீசுக் கைகளுடன் உட்கார்ந்து சால்டர் வைக்கும் ஆட்கள் இன்னும் சிறு கடைகளில்தான் இருக்கிறார்கள், ஒருவரைப் பழகிவைத்துக்கொள்ளுங்கள்.

தம்பாக் எனப்படும் காஸ்வேயைத் தாண்டினால் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர். அதன் பக்கத்திலேயே சிம் லிம் டவர். ஒலிப்பெட்டி, கேபிள், டிரான்ஸ்பார்மர், சின்னச் சின்ன மின்னணுப் பாகங்களுக்கு நான் டவரைத்தான் விரும்புவேன். சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையை 1989-இல் உலகுக்குத் தந்த சிம் வோங் ஹூவின் கிரியேட்டிவ் நிறுவனம் பிறந்ததும் சிங்கப்பூரில்தான். பீப் ஒலி மட்டும் எழுப்பிய பல வீட்டுக் கணினிகளில் பாட்டு கேட்க முடிந்ததில் அந்த அட்டைக்குப் பெரும் பங்குண்டு.

அக்கரை விலையைக் கணக்கிடும்போது மூன்றைச் சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூரின் ஜிஎஸ்டி 2024 முதல் 9 விழுக்காடு. சுற்றுப்பயணிகளுக்கு அதைத் திருப்பித் தரும் திட்டம் விமான நிலையம் வழியே வெளியேறுவோருக்கே. பேருந்திலோ மோட்டார் சைக்கிளிலோ தரைவழி திரும்பும் நமக்குக் கிடையாது. அடுத்தது உத்தரவாதம்: பல பிராண்டுகளில் அது வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும். பழுதானால் பொருளைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். ரேம், எஸ்எஸ்டி போன்று எளிதில் பழுதாகாத சிறு பொருளை அங்கே வாங்கலாம். டிவியை, பெரிய ஆம்பை இங்கேயே வாங்குங்கள்.

இணையத்தில் வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கேபிள், ஃபேன் போன்றவற்றில் உள்ளூர்க் கடைக்கும் அதற்கும் இருந்த விலை வித்தியாசம் இதனால் சுருங்கிவிட்டது. மின்சாரத்தில் நேரடியாகச் செருகும் எதையும், சார்ஜர் உட்பட, சிரிம் தரமுத்திரை இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆபீசிலிருந்து வந்த கணினி

புதுக் கணினி வாங்க வேண்டிய கட்டாயம் எத்தனை வீட்டில் இருக்கிறது? பிள்ளைகளின் பாடம், கணக்கு வழக்கு, படம் பார்ப்பது, பாட்டு கேட்பது இவ்வளவுதான் தேவை என்றால், நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்தாண்டு பயன்படுத்திக் கழித்துவிடும் ஆபீஸ் கணினியே என் முதல் தேர்வு. சிங்கப்பூர் அலுவலகங்களும் ஜொகூர் தொழிற்சாலைகளும் இவற்றைக் கட்டுக்கட்டாகக் கழிப்பதால் இந்தப் பக்கம் நல்ல சரக்கு கிடைக்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்சென்டர் ஆகிய மூன்றிலும் பெரும்பாலானவை திருப்புளி இல்லாமலேயே திறக்கும்படி கட்டியவை. தூசு துடைப்பதும் பாகம் மாற்றுவதும் எளிது.

எந்த வயதுடையதை வாங்குவது என்பதுதான் முக்கியம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், கூடவே டிபிஎம் 2.0. எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்: ஐ5-7500 ஏழாம் தலைமுறை, ஐ5-8500 எட்டாம் தலைமுறை, ஐ5-10500 பத்தாம் தலைமுறை. ஆப்டிபிளெக்ஸில் 7060, எலைட்டெஸ்க்கில் 800 ஜி4, திங்சென்டரில் எம்720 ஆகியவை எட்டாம் தலைமுறையில் தொடங்குபவை. “ஐ5, ரொம்ப வேகம் பாஸ்” என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் முழு எண்ணைக் கேளுங்கள். ஏழாம் தலைமுறைக் கணினி கையில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் நன்றாக ஓடும்.

கடையில் நின்றே சோதிக்க வேண்டியவை உண்டு. முதலில் பயாஸுக்குள் நுழையுங்கள். கடவுச்சொல் கேட்டு, கடைக்காரருக்கு அது தெரியவில்லை என்றால் அந்தக் கணினி வேண்டாம். திருட்டுத் தடுப்பு மென்பொருள் இயங்கு நிலையில் இருக்கிறதா என்றும் அங்கேயே தெரியும். ஒரு யுஎஸ்பி குச்சியில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை எடுத்துப் போங்கள். வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எஸ்எஸ்டியின் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்பதை அது காட்டும். சுழலும் வட்டு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டுத்தரச் சொல்லுங்கள். பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எல்லா யுஎஸ்பி துளைகளிலும் குச்சியைச் செருகிப் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் இரவெல்லாம் மெம்டெஸ்ட் ஓட்டினால் ரேமின் நிலை தெரிந்துவிடும்.

பவர் சப்ளை பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தக் கணினிகளில் பல, அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளவிலும் இணைப்பிலும் செய்த பவர் சப்ளையைக் கொண்டவை. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை அதற்குள் பொருந்தாது. பின்னாளில் விளையாட்டுக்காகப் பெரிய கிராஃபிக்ஸ் அட்டை போடும் எண்ணம் இருந்தால் மெலிந்த பெட்டி வகையைத் தவிர்த்து, நிமிர்ந்த டவர் வகையை வாங்குங்கள். இன்னும் பழைய கணினிகளில் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்புச் சுவிட்ச் இருக்கும். செருகுமுன் அது 230-இல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 115-இல் வைத்துச் செருகினால் அடுத்த நொடி வெடிச் சத்தம் கேட்கும்.

இந்தக் கணினியை ஹாலில் 4கே டிவியோடு சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எட்டாம் தலைமுறையின் எச்டிஎம்ஐ வழியே பெரும்பாலும் 4கே படம் நொடிக்கு 30 தடவைதான் போகும். சுட்டி அசைவதே இழுவையாகத் தெரியும். அதே கணினியின் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து, எச்டிஎம்ஐ 2.0 என்று எழுதிய ‘ஆக்டிவ்’ வகை மாற்றி ஒன்றைப் போட்டால் 60 வரும். சிறு செலவு, பெரிய பலன். இந்தத் தலைமுறைக்கு எச்இவிசி வீடியோவை வன்பொருளிலேயே விரிக்கத் தெரியும், ஏவி1 தெரியாது. ஏவி1 வேண்டுமானால் இன்டெல் பதினொன்றாம் தலைமுறைக்குப் போங்கள்.

ரேமை இப்போதைக்கு இருப்பதை வைத்துச் சமாளியுங்கள் என்பதே என் அறிவுரை. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. செயற்கை அறிவுக்கான தரவு மையங்கள் உற்பத்தியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதே காரணம். மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றோர் வாங்கும் குரூஷியல் ரேம், எஸ்எஸ்டி வணிகத்தையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அப்படிப்பட்ட தரவு மையங்கள் கூலாய், செடெனாக் பக்கம் நம் ஜொகூரிலேயே எழுந்துகொண்டிருக்கின்றன. ஆகவே பழைய கணினி வாங்கும்போதே 16 ஜிபி, இரண்டு 8 ஜிபி துண்டுகளாக உள்ளதைத் தேடுங்கள். ஒரே துண்டைவிட இரண்டு துண்டு இருந்தால் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் நன்றாக வேகம் பெறும்.

வெக்கையும் பல்லியும்

கணினி பற்றிய வெளிநாட்டு நூல்கள் 20, 22 டிகிரி அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஹாலில் பகலில் 31, 32 டிகிரி. அறை பத்து டிகிரி கூடினால் உள்ளே சில்லும் ஏறத்தாழ பத்து டிகிரி கூடும். பவர் சப்ளையிலும் ஆம்பிலும் டிவி போர்டிலும் இருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைக்கணக்கு. குளிர் நாட்டில் பத்தாண்டு வாழும் பொருள் இங்கே ஐந்தாண்டில் போவதன் காரணம் இதிலேயே இருக்கிறது. குளிர்சாதனத்தை நாள் முழுதும் ஓட்ட முடியாது, ஓட்டவும் தேவையில்லை. கருவியைச் சுற்றிக் காற்றுக்கு வழிவிட்டால் போதும்.

கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள் ஆம்பையும் கணினியையும் அடைப்பதை நம் வீடுகளில் நிறையக் காண்கிறேன். கதவைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் பின்பலகையில் கையகல ஓட்டை போட்டு, 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை யுஎஸ்பியில் மெல்லச் சுழல விடுங்கள். ஆம்புக்கு மேலே ஒரு சாண் இடம் காலியாக இருக்கட்டும். அதன்மேல் டெக்கோடரை அடுக்க வேண்டாம்.

வாங்கி வந்த பழைய கணினிக்கு முதல் நாள் செய்ய வேண்டியது தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றுவது. ஐந்தாண்டு ஓடிய கணினியில் அது காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். பழையதை 99 விழுக்காடு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, உளுந்தளவு புதியதை நடுவில் வைத்து, ஹீட்சிங்கின் திருகுகளைக் குறுக்குவாட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். காற்றடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

கிராஃபிக்ஸ் அட்டை உள்ளவர்கள் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின் வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கிப் பாருங்கள். விளையாட்டின் வேகம் சிறிதே குறையும். சூடும் ஃபேன் இரைச்சலும் நன்றாகவே தணியும். அதிக மின்சாரம் கொடுத்து வேகத்தை ஏற்றுவதைக் குளிர் நாட்டவர் விரும்பிச் செய்யட்டும். நம் வானிலைக்கு இறக்குவதே ஏற்றது.

பல்லியை லேசாக எண்ணாதீர்கள். இரவில் இளஞ்சூடு தேடிப் பவர் சப்ளைக்குள் போகும், முட்டையும் இடும். இரண்டு முனைகளை அதன் உடல் தொட்டால் பல்லியும் போகும், போர்டும் போகும். பயன்படாத அட்டைத் துளைகளுக்குத் தகட்டு மூடியைப் போடுங்கள். காற்று போகும் மற்ற இடங்களில் மெல்லிய நைலான் வலையை ஒட்டுங்கள், மாதம் ஒருமுறை தூசு தட்டுங்கள். எறும்புக்காக உள்ளே மருந்து அடிக்கவே கூடாது. எறும்புப் பொறியை மேசைக் காலடியில் வைத்தால் போதும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறும் தாமான்களில் கணினியையும் எக்ஸ்டென்ஷனையும் தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்துக்கு ஏற்றுங்கள்.

இரண்டு நாட்டு வானலை

1963 பிப்ரவரியில் சிங்கப்பூரும் டிசம்பரில் மலேசியாவும் தொலைக்காட்சி தொடங்கிய நாள் முதல் ஜொகூர்க்காரருக்கு இரு பக்கத்து அலையும் கிடைத்து வருகிறது. சிங்கப்பூர் 1974-இல் வண்ணத்துக்கு மாறத் தொடங்கியது, மலேசியா 1978-இல். ஆன்டெனாவைத் தெற்கே திருப்பிவைத்த வீடுகள் சில ஆண்டு முன்னதாகவே வண்ணம் பார்த்தன. 2008-இல் வசந்தம் தனி அலைவரிசையான பிறகு தமிழ் நாடகத்துக்கும் செய்திக்கும் இந்தத் தெற்குத் திசை இன்னும் மதிப்புப் பெற்றது. இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. மாதக் கட்டணம் இல்லாமல் இரு நாட்டுத் தமிழும் கேட்கும் வாய்ப்பு உலகில் எத்தனை ஊருக்கு உண்டு!

இரு நாடுகளும் 2019-இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. இரண்டும் பயன்படுத்துவது டிவிபி-டி2 என்ற ஒரே முறை. ஆகவே ஒரே வகைப் பெட்டி இரண்டுக்கும் செல்லும். சிக்கல் திசையில். தெப்ராவிலிருந்து மலேசிய அலைவரிசைகள் வரும் குனோங் பூலாய் மேற்கே இருக்கிறது. சிங்கப்பூரின் கோபுரம் நிற்கும் புக்கிட் பாத்தோக் ஏறக்குறைய நேர் தெற்கே. ஒரே ஆன்டெனா இரண்டையும் நன்றாகப் பிடிக்காது. இரண்டு யுஎச்எஃப் ஆன்டெனா வையுங்கள். இரண்டையும் ஒரே கேபிளில் சேர்க்காதீர்கள், ஒன்றின் அலை மற்றதைக் கெடுக்கும். மேற்கு ஆன்டெனாவை டிவியிலேயே செருகி, மலேசியாவின் இலவச ஒளிபரப்பான மைடிவியைப் பாருங்கள். தெற்கு ஆன்டெனாவுக்குச் சிறு டிவிபி-டி2 பெட்டி ஒன்றை வாங்கி எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். நாட்டை மாற்றி மாற்றி அலைவரிசை தேடும் தொல்லை இதில் இல்லை.

ஆன்டெனாக் கம்பிகளைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் வைத்துப் பார்த்து, பெட்டி காட்டும் சிக்னல் தரம் எதில் கூடுகிறதோ அதில் இறுக்குங்கள். டிஜிட்டலில் புள்ளி புள்ளியாகப் படம் மங்காது. நன்றாக வரும் அல்லது கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அதனால் வெயில் நாளில் விளிம்பில் நிற்கும் சிக்னல் மழை நாளில் போய்விடும். பூஸ்டர் வாங்கினால் கைப்பேசி அலையைத் தடுக்கும் வடிகட்டி உள்ளதை வாங்குங்கள். அனலாக் டிவி காலிசெய்த அலைகளை இப்போது கைப்பேசி எடுத்துக்கொண்டிருக்கிறது. பல மாடிக் குடியிருப்பு தெற்கே மறைத்தால் பூஸ்டரால் பயனில்லை.

எல்லாப் படமும் இலவசம் என்று சொல்லி விற்கும் ஆண்ட்ராய்டு பெட்டிகளைத் தொடாதீர்கள். 2022 மார்ச்சில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி திருட்டு ஒளிபரப்புக்கான கருவியை விற்பது குற்றம். மேலும் இவ்வகைப் பெட்டிகள் பல தொழிற்சாலையிலிருந்தே தீநிரலோடு வருவதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. அப்படி ஒரு பெட்டி உங்கள் வைஃபைக்குள் நுழைந்தால் வங்கிக் கணக்கு திறக்கும் கணினியும் அதன் பக்கத்து வீடுதான்.

ஜப்பான் ஆம்பும் நம் ஹாலும்

ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய பொருள் கடைகளில் சான்சுய், பயனீர், கென்வுட் ஆம்புகளைப் பார்த்தால் கை தானாக நீளும். பின்னால் ‘100 வோல்ட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் நம் சுவரில் நேராகச் செருகிய மறுகணம் கருகும். 230-ஐ 100-ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். உள்ளும் வெளியும் தனித்தனிச் சுருள் கொண்ட ஐசொலேஷன் வகையாகவும், ஆம்பில் எழுதிய வாட்டைப் போல் ஒன்றரை மடங்குக்குக் குறையாததாகவும் வாங்குங்கள். அதன் விலையை ஆம்பின் விலையோடு கூட்டிய பிறகுதான் அது மலிவா என்று தெரியும். வானொலி கேட்கும் ஆசையில் ஜப்பான் டியூனர் வாங்க வேண்டாம். அந்நாட்டின் எஃப்எம் நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ், இப்போதும் 95 வரைதான். சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான ‘ஒலி 96.8’ அதற்கு மேலே இருக்கிறது.

பழைய ஸ்பீக்கரில் கூம்பைச் சுற்றிய ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். நம் ஈரத்தில் அது மாவாக உதிரும். காந்தமும் சுருளும் நன்றாக இருந்தால் வளையம் மட்டும் மாற்றலாம்; ரப்பர் வளையம் கொண்டதைத் தேடினால் இந்த வேலையே இல்லை.

ஒலியைக் கெடுப்பது பெரும்பாலும் ஹாலே. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி சன்னல் சேர்ந்தால் வசனம் எதிரொலித்துக் குழம்பும். தடித்த திரைச்சீலை, தரையில் ஒரு கம்பளம், பக்கச் சுவரில் புத்தக அலமாரி. ஆயிரம் ரிங்கிட் கேபிள் தராத தெளிவை இவை தரும். இப்போதைய தமிழ்ப் படங்களில் பாட்டு அதிர்கிறது, பேச்சு கேட்கவில்லை என்பவர்கள் முதலில் அமைப்பைப் பாருங்கள். வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று பதிவானது. உங்களிடம் இரண்டே ஸ்பீக்கர் இருந்து, கோடி என்ற படம் பார்க்கும் மென்பொருளிலோ டிவியிலோ வெளியீடு 5.1 என்று இருந்தால் நடுவின் ஒலி எங்கும் போகாமல் நின்றுவிடலாம். 2.0 என்று மாற்றுங்கள். இரவில் ‘நைட் மோட்’ போடுங்கள். சப்வூஃபரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், வரிசை வீட்டில் தாழ்ந்த ஒலி செங்கல்லைக் கடந்து போகும்.

டிவியில் ‘விவிட்’ வண்ணத்தை விட்டு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ முறைக்கு வாருங்கள். அசைவை மிருதுவாக்கும் வசதியை அணையுங்கள். நொடிக்கு 24 படமாக எடுத்த சினிமா அதில் மெகா தொடர் போலத் தெரியும்.

வைஃபை பற்றிச் சுருக்கமாக: ஃபைபர் பெட்டி வாசல் பக்கம், படுக்கையறை பின்பக்கம், நடுவில் செங்கல் சுவர்கள். கேட்6 கேபிள் ஒன்றைக் கூரைக்கு உள்வழியாக இழுத்துப் பின்னறையில் இரண்டாம் வைஃபை வைப்பதே நிலையான தீர்வு.

பழுதும் கழிவும்

கடையில் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை, கடைக்காரர் திரும்பப் பார்க்கவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரலை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மூன்றாண்டுக்குள் பதிய வேண்டும். ரசீது, விற்பவர் எழுதிய விளம்பரத்தின் படம், பேசிய செய்திகள் எல்லாவற்றையும் வைத்திருங்கள். தனிநபரிடம் கைமாற்றாக வாங்கியதற்கு இது செல்லாது. அதற்குப் பொருளை இயக்கிப் பார்த்து வாங்குவதொன்றே காப்பு.

ஆயுள் முடிந்த கருவியைக் குப்பை லாரிக்குப் போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டில் அட்டவணைக் கழிவாக உள்ளது. சுற்றுச்சூழல் துறை ஏற்ற சேகரிப்பு மையங்களில்தான் ஒப்படைக்க வேண்டும். கொடுக்குமுன் எஸ்எஸ்டியைக் கணினியின் பயாஸில் இருக்கும் ‘செக்யூர் இரேஸ்’ வழியாக அழியுங்கள். சாதாரணமாகக் கோப்பை அழிப்பது போதாது. சுழலும் வட்டாக இருந்தால் முழுதும் ஒருமுறை மேலெழுதி அழிக்கலாம். மடிக்கணினியின் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம். முனைகளை டேப்பால் ஒட்டி, தனி உறையில் போட்டு, அது உப்பிய பேட்டரி என்று வாங்குபவரிடம் சொல்லியே கொடுங்கள்.